கம்ப்யூட்டருக்கு முன்னால் நானும் ராஜாவும்

மைக்ரோமீட்டரை மூன்றாவது தடவையாக வைத்துப் பார்த்தேன். அதே எண்தான். நான் கடைந்த ஷாஃப்ட் தண்டின் ஒரு முனை சரியாக இருந்தது. மறு முனை அங்குலத்தில் ஆயிரத்தில் எட்டுப் பங்கு தடித்திருந்தது.

ஆயிரத்தில் எட்டு என்றால் உங்களுக்குப் பிடிபடாது. கையில் இருக்கும் இந்தப் பத்திரிகையின் ஒரு தாளை இரண்டாக மடியுங்கள். ஏறக்குறைய அவ்வளவு கனம்தான். அந்தக் கனத்துக்காக எனக்கு முதுகெல்லாம் வேர்த்து ஊற்றியது.

மலாக்காவின் காஜா பெராங்கில் சாலையை ஒட்டி இருந்த தகரக் கொட்டகைப் பட்டறை அது. மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்து ஒன்றிரண்டு தீபாவளி போயிருக்கும். மத்தியான வெயில் கூரை வழியாக இறங்கித் தலையைச் சுட்டது. மேலே ஓடிய நீளத் தண்டிலிருந்து ஒரு தோல் பெல்ட் இறங்கி, இரும்பு கடையும் என் லேத்தைச் சுற்றவைத்தது. பெல்ட்டின் தையல் கப்பியில் ஏறும்போதெல்லாம் 'தப், தப்' என்று ஒரு சத்தம். என் நெஞ்சும் அதே தாளத்தில்தான் அடித்துக்கொண்டிருந்தது.

பக்கத்து லேத்துக்காரன் ராஜா கழுத்தை நீட்டினான். "என்ன மூத்து, முகம் செத்துப் போச்சு?"

"ஒண்ணுமில்ல" என்றேன். அது பச்சைப் பொய்.

வாய் வாங்கித் தந்த வேலை

அதற்கு இரண்டு நாள் முன்னால், ஆற்றோரத்து ஐஸ் பேக்டரியின் மெஷின்காரர் காதர் நானா ஒரு திரிஷா ரிக்ஷாவில் வந்து இறங்கினார். சாக்குக்குள் இரண்டாக ஒடிந்த ஷாஃப்ட். ஐஸ் போடும் பெரிய மெஷினைச் சுற்றவைப்பதே அதுதான். அது ஒடிந்தால் ஐஸ் கிடையாது. ஐஸ் இல்லையென்றால் கிளேபாங்கில் கரையேறும் மீனை வெயில் ஏறுவதற்குள் விற்றாக வேண்டும். விற்காத மீன் பூனைக்கு.

"சிங்கப்பூர்ல கேட்டுப் பார்த்தேன். ரெண்டு வாரம் ஆகுமாம்" என்றார் காதர் நானா.

எங்கள் முதலாளி ஆ லியோங் தவுக்கே ஒடிந்த துண்டுகளை ஒட்டவைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அந்த நேரம் பார்த்து என் வாய் திறந்தது.

"மூணு நாள்ல நான் தர்றேன் நானா."

காதர் நானா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ போன நோன்புக்கு நான் வந்தப்போ இங்க கூட்டிப் பெருக்கிக்கிட்டு இருந்தவன்தானே?"

"அவன்தான். இப்ப லேத்துல நிக்கிறேன்."

அவர் தவுக்கே பக்கம் திரும்பி மலாயில் கேட்டார்: "இவன் லேத்தில் வேலை செய்ய நிக்கிறானா, சாய்ஞ்சிக்க நிக்கிறானா?"

பட்டறையே சிரித்தது. ராஜா கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். தவுக்கே மட்டும் சிரிக்கவில்லை.

"போலே?" என்றார் என்னிடம். முடியுமா என்று அர்த்தம்.

"போலே, தவுக்கே."

"சரி. சரியாக வந்தால் இந்த லேத் உனக்கு. தப்பாக வந்தால் நீ மறுபடியும் கூட்டப் போ. நான் சிங்கப்பூரிலிருந்து ஆள் கூப்பிட்டுக்கொள்கிறேன்."

என் படிப்பு தோட்டத்துப் பள்ளியில் நாலாம் வகுப்பு. அதிலும் நாலாம் வகுப்பில் பாதி நாள் போகவில்லை. பட்டறையில் இரும்புச் சுருளைக் கூட்டி அள்ளும் வேலைக்குத்தான் சேர்ந்தேன். எனக்கு முன் அந்த லேத்தில் நின்றவர் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரத்தில், குப்பையில் கிடந்த துண்டுகளை மாட்டிக் கடைந்து பழகினேன். யாரும் சொல்லித்தரவில்லை, யாரையும் நான் கேட்கவும் இல்லை. அவர் சிங்கப்பூர் போனதும் தவுக்கே என்னைப் 'பார்க்கலாம்' என்று அங்கே நிற்கவைத்தார். நான் நின்று இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. எனக்கு அந்த லேத் வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். அன்றைக்கு என் கதை அவ்வளவுதான்.

கம்ப்யூட்டருக்குக் கை ஏது?

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துகிறேன். காரணம் இருக்கிறது.

ஆயர் குரோவில் என் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் ஓட்டும் பதினான்கு சிஎன்சி லேத்துகள் ஓடுகின்றன என்று போன வாரம் எழுதினேன். படித்துவிட்டு புக்கிட் ரம்பாயிலிருந்து ஒரு வாசகர் போன் போட்டார். "அண்ணே, கம்ப்யூட்டர் இரும்பைக் கடையுதுன்னு எழுதுறீங்களே, கம்ப்யூட்டருக்குக் கை ஏதுண்ணே?"

நல்ல கேள்வி. கல்லூரி முடித்தவர்கள்கூட இவ்வளவு நேராகக் கேட்பதில்லை.

எந்த லேத்தாக இருந்தாலும் இரும்பு சுற்றும், கத்தி சுற்றாது. கத்தி இரண்டு வழியில்தான் நகரும். ஒன்று, இரும்பின் நீளத்தோடு. மற்றொன்று, இரும்பை நோக்கி உள்ளே, அல்லது வெளியே. முதல் நகர்வு நீளத்தைத் தரும். இரண்டாவது கனத்தைத் தரும். இரண்டையும் ஒரே நேரத்தில் நகர்த்தினால் சாய்வு வரும், வளைவு வரும், பம்பரம் வேண்டுமென்றாலும் வரும். பழைய லேத்தில் இதற்கு இரண்டு கைப்பிடி. சிஎன்சியில் இரண்டு மோட்டார்.

என் ஆட்கள் வரைபடத்தைப் பார்த்து எல்லாவற்றையும் எண்ணாக எழுதுவார்கள். இந்த நீளத்தில் இந்தக் கனம், இந்த வேகம், இந்தக் கத்தி. ஒரு வரிக்கு ஒரு நகர்வு. கம்ப்யூட்டர் அதை வரி வரியாகப் படித்து மோட்டாருக்குச் சொல்லும். மோட்டார் ஒரு நீளத் திருகைச் சுற்றும். அந்தத் திருகின் மரைக்குள் எஃகு உருண்டைகள் ஓடுவதால் முன்னும் பின்னும் துளி ஆட்டம் இருக்காது. 'எவ்வளவு நகர்ந்தேன், எவ்வளவு நகர்ந்தேன்' என்று எண்ணிச் சொல்ல மோட்டாரின் பின்னால் ஒரு கண் உண்டு. சொன்னதும் நகர்ந்ததும் ஒத்துப் போகாவிட்டால் கம்ப்யூட்டர் அந்தக் கணமே திருத்தும்.

பன்னிரண்டு கத்திகள் ஒரே தலையில் உட்கார்ந்திருக்கும். ஒன்று முடித்ததும் தலை தானாகத் திரும்பி அடுத்த கத்தியை நீட்டும். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் பால் நிறத்தில் குளிர்நீர் பீய்ச்சி அடிக்கும். கத்தி நுனி தேய்ந்து பாகம் கொஞ்சம் தடித்தால் சுத்தியல் தேவையில்லை; ஓர் எண்ணை மாற்றினால் போதும். ஒரு தலைமயிரை இருபதாகப் பிளந்தால் வரும் கனம் இருக்கிறதே, அந்தக் கனத்தை நாங்கள் விரலால் தட்டிக் கூட்டுகிறோம், குறைக்கிறோம். முதல் பாகமும் ஐயாயிரமாவது பாகமும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும்.

என் பாகங்களை வாங்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர், "இதையெல்லாம் எங்கே படித்தீர்கள்?" என்று கேட்டார். "காஜா பெராங்" என்றேன். அது எந்த ஊர்ப் பல்கலைக்கழகம் என்று குறித்துக்கொள்ளப் பேனாவை எடுத்தார். நானும் தடுக்கவில்லை.

ஆனால் கம்ப்யூட்டரிடம் ஒரு குணம் உண்டு. சொன்னதை நம்பும். இரும்பைப் பிடிக்கும் தாடைக்கு அடியில் ஒரு சுருள் சிக்கியிருந்தால் அதற்குத் தெரியாது. கோணலாகப் பிடித்த இரும்பை மிக மிகத் துல்லியமாகக் கோணலாகவே கடைந்து தரும். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. எப்படித் தெரிந்தது என்பதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பக்கத்து லேத்துக்காரன்

ராஜா மலாக்காச் செட்டி. காஜா பெராங் செட்டிக் கம்பத்துக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவன். பெயர் நம் பெயர், சாமி நம் சாமி, விபூதிப் பட்டையும் நம் பட்டை. பேச்சு மட்டும் மலாய். கோவிலில் ஒரு பதிகத்தைப் பிசகாமல் பாடுவான். 'தண்ணி கொடு' என்று தமிழில் கேட்க வராது. அவன் பேசியதை நான் இங்கே தமிழில் எழுதுகிறேன். என்னை முத்து என்று கூப்பிட அவனுக்குக் கடைசிவரை வரவில்லை, மூத்துதான்.

என் வயதுதான் அவனுக்கும். நல்ல கைக்காரன். என்னைவிட நல்லவனா என்றால், இல்லை.

அவன் வந்து மைக்ரோமீட்டரை வாங்கித் தானே வைத்துப் பார்த்தான். ஒரு விசில் அடித்தான்.

"வால் பக்கம் தடிப்பு. பெட் தேய்ந்துபோச்சு மூத்து."

கத்தியும் மற்றதெல்லாமும் நகர்கிற இரும்புப் பாதையைத்தான் பெட் என்போம். அந்த லேத் ஜப்பான்காரன் ஆண்ட காலத்துக்கும் முந்தியது. தேய்ந்திருக்கும் என்று நானும் நம்பினேன். ஷாஃப்ட்டின் கடைசி முனையைத் தாங்கிப் பிடிக்கும் கனத்த முட்டு ஒன்று உண்டு, டெயில்ஸ்டாக் என்று பெயர். அதைக் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளினால் சரியாகிவிடும். ஆனால் தள்ளுவதற்கான திருகு நான் வருவதற்கு முன்னாலேயே துருப்பிடித்து முறிந்துபோயிருந்தது.

"தவுக்கேயிடம் சொல்லிவிடு" என்றான் ராஜா.

"சொன்னா கூட்டப் போகணும்."

"நீ கூட்டினால் இடம் சுத்தமாக இருக்கும். இப்போது கூட்டுகிறவன் மூலையெல்லாம் விட்டுவிடுகிறான்."

அவனைத் திட்டினேன். தமிழில் திட்டினேன், அதனால் அவன் சிரித்தான்.

ஷாஃப்ட்டில் கடைசி வெட்டு ஒன்றுதான் பாக்கி. கைவசம் அந்த நல்ல எஃகு இன்னும் ஒரே ஒரு துண்டுதான் இருந்தது. காதர் நானா மறுநாள் காலையில் வந்துவிடுவார்.

சைக்கிள் கம்பியும் சட்டைப் பெட்டி அட்டையும்

வழி எனக்கு எப்படித் தோன்றியது என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். தோன்றியது, அவ்வளவுதான். சிலருக்குத் தோன்றும்.

கணக்கு இதுதான். வால் முனை ஆயிரத்தில் எட்டுத் தடிப்பு. இரும்பு சுற்றுவதால் கத்தி பாதி உள்ளே போனால் போதும், அதாவது நாலு. ஷாஃப்ட்டின் நீளம் இருபது அங்குலம். இரும்பைத் தாடையால் பிடித்துச் சுற்றும் சக் பக்கத்தில் தொடங்கி வால் பக்கம் போகும்போது, ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஆயிரத்தில் ஒன்றில் ஐந்தில் ஒரு பங்கு கத்தியை உள்ளே தள்ளிக்கொண்டே போக வேண்டும். கைப்பிடி வட்டில் ஒரு கோட்டுக்கு ஆயிரத்தில் ஒன்று. ஐந்தில் ஒரு கோட்டைக் கண்ணால் பார்த்துத் திருப்ப முடியாது.

பட்டறை வாசலில் கிடந்த சைக்கிளில் ஒரு சக்கரக் கம்பியைக் கழற்றினேன். கைப்பிடியோடு சேர்த்து இறுக்கிக் கட்டினேன். கைப்பிடி மயிரளவு திரும்பினாலும் கம்பியின் நுனி அரிசி நீளம் நகரும். நுனிக்கு எதிரே சட்டைப் பெட்டி அட்டை ஒன்றை நிறுத்தி, பென்சிலால் இருபது கோடு போட்டேன். பெட்டின் மேலே சாக்கட்டியால் இருபது அங்குலம் குறித்தேன்.

"ராஜா, கத்தி ஒவ்வொரு சாக்கட்டிக் கோட்டைத் தாண்டும்போதும் நீ சத்தமா எண்ணு. நான் என் கோட்டுக்குக் கம்பியைக் கொண்டுபோறேன். நீ பின்னால போகாதே, முன்னால போகாதே."

"தப்பினால்?"

"தப்பினா ரெண்டு பேரும் கூட்டுவோம்."

"என் பெண்டாட்டி என்னை வீட்டுக்குள் விடமாட்டாள்" என்று சொல்லிக்கொண்டே குந்தி உட்கார்ந்தான்.

வழக்கமாகக் கத்தி வாலிலிருந்து சக் பக்கம் போகும். நான் திருப்பி ஓட்டினேன். அப்போதுதான் கைப்பிடி உள்ளே போகும் திசையில் மட்டுமே திரும்பும். பழைய திருகில் ஆட்டம் அதிகம். பின்னால் திருப்பினால் வட்டு ஒன்று சொல்லும், கத்தி வேறொன்று செய்யும்.

பெல்ட்டைத் தள்ளினேன். சுருள் நீலமாகப் புறப்பட்டது.

"சத்து!" என்றான் ராஜா, மலாயில் ஒன்று. கம்பி முதல் கோட்டுக்குப் போனது.

"டுவா!"

"தீகா!"

எண்ணெய் புகைந்து கண்ணை எரித்தது. ஏழில் ஒரு ஈ என் மூக்கில் உட்கார்ந்தது. விரட்டக் கை இல்லை. பன்னிரண்டில் தவுக்கே வந்து பின்னால் நின்றதை அவருடைய சுருட்டு வாசனையில் தெரிந்துகொண்டேன். ராஜா குரல் பிசகவில்லை. அவன் வாயிலிருந்து எண் வர, என் கை நகர, ஷாஃப்ட் மினுங்கிக்கொண்டே நீண்டது. நீளத்தைப் பார்த்துச் சொல்ல ஒருவன், கனத்தைப் பார்த்து நகர்த்த ஒருவன், என்ன செய்ய வேண்டும் என்று எழுதிய அட்டை ஒன்று. பல வருஷம் கழித்து முதல் சிஎன்சி மெஷினைப் பிரித்துக் காட்டினார்கள். எனக்கு அதிசயமாகவே இல்லை. இதைத்தான் நானும் ராஜாவும் செய்தோம்.

"டுவா புலோ!" இருபது. பெல்ட்டை இழுத்தேன்.

ஆறவிட்டு அளந்தேன். சூட்டோடு அளந்தால் இரும்பு பொய் சொல்லும். இரண்டு முனையும் ஒரே எண்.

தவுக்கே அட்டையைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அது யார் சைக்கிள்?" என்றார். அவருடையதுதான்.

மறுநாள் காலை ஐஸ் பேக்டரிக்கு நானே போய்ப் பூட்டினேன். பேரிங் உள்ளங்கையால் தள்ளத் தள்ளப் போய் உட்கார்ந்தது. மெஷின் ஓடியது. காதர் நானா காதை வைத்துக் கேட்டுவிட்டு, "சாய்ஞ்சிக்க நிக்கிறவன் இல்லப்பா நீ" என்றார். அந்த வட்டாரத்துக் கோப்பிக் கடைகள் எல்லாவற்றிலும் தவுக்கே என் கதையைச் சொன்னார்.

மஞ்சளாக ஒரு வட்டு

அன்று மத்தியானம் தவுக்கே ஒரு லாரிக்குச் சொல்லிவிட்டு வந்தார். பெட் தேய்ந்துவிட்டதே, லேத்தைக் கழற்றிச் சிங்கப்பூருக்கு அனுப்பிச் சீவி வாங்கப் போகிறாராம். மாதக்கணக்கில் ஆகலாம். லாரி மறுநாள் காலை.

கழற்றுவதற்காக நானும் ராஜாவும் டெயில்ஸ்டாக்கைப் பெட்டிலிருந்து தூக்கினோம்.

பெட்டின் கூரை போன்ற முகட்டில், நான் நிற்கும் பக்கத்துச் சரிவில், மஞ்சளாக ஒரு வட்டு. தகடாக நசுங்கி, கல்லாக இறுகி, எண்ணெய் குடித்துக் கறுத்து. ராஜா நகத்தால் சுரண்டி முகர்ந்தான்.

சந்தனம்.

அந்த வாரம்தான் ஆயுத பூசை. தவுக்கே எங்கள் பூசைக்குக் குறுக்கே நிற்க மாட்டார். ராஜா வீட்டிலிருந்து சந்தனம் அரைத்து வந்தது. எனக்கென்று ஒரு லேத் கிடைத்த முதல் பூசை அது. எல்லாரும் மெஷினுக்கு ஒரு பொட்டு வைத்தார்கள், நான் குளிப்பாட்டினேன். சக்குக்கு, கைப்பிடிக்கு, பெட்டுக்கு, விரல் போன இடத்துக்கெல்லாம். மறுநாள் கண்ணுக்குத் தெரிந்ததைத் துடைத்தேன். தெரியாத ஒன்றின் மேல் டெயில்ஸ்டாக்கை ஏற்றி இறுக்கிவிட்டேன். அந்தச் சரிவில் இருந்த தடிப்பு, டெயில்ஸ்டாக்கைக் கத்தியிலிருந்து விலக்கி அந்தப் பக்கமாகத் தள்ளியது. எதிர்ச் சரிவில் இருந்திருந்தால் ஷாஃப்ட் மெலிந்திருக்கும். மெலிந்த ஷாஃப்ட்டை எந்த அட்டையும் காப்பாற்றாது.

பெட் தேயவே இல்லை. ஒரு கந்தல் துணி செய்ய வேண்டிய வேலையை நான் சைக்கிள் கம்பி கட்டிச் செய்திருக்கிறேன்.

ராஜா தரையில் உட்கார்ந்து சிரித்தான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். பிறகு வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "துடைத்துவிடு மூத்து. தவுக்கேக்குத் தெரியப் போவதில்லை. லேத் போய்விட்டு வரட்டும். உன் பெயர் பெயராகவே இருக்கும்."

துணியைக் கையில் எடுத்தேன் என்பதை மறைக்க மாட்டேன். நான் பெருமை பேசுகிறவன், ஊருக்கே தெரியும். ஆனால் நல்ல லேத் ஒன்று என் பொய்க்காக லாரி ஏறுவதைப் பார்க்க முடியாது. என்னை வெளியே அனுப்பினால் அனுப்பட்டும் என்று தவுக்கேயைக் கூப்பிட்டேன்.

இன்னொரு ஷாஃப்ட்

அவர் குனிந்து பார்த்தார். சுரண்டிப் பார்த்தார். முகர்ந்தார்.

"உன் சாமி செய்த வேலையா?"

"சாமி சரியாத்தான் இருந்தார் தவுக்கே. என் கை."

துணியை வாங்கி விரலைத் துடைத்துக்கொண்டார். கோப்பிக் கடைகளில் சொன்னதையெல்லாம் மனத்துக்குள் திருப்பி வாங்கிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். பிறகு அட்டையைக் கேட்டார். கொடுத்தேன். நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"காதர் கையிருப்புக்கு இன்னொரு ஷாஃப்ட் கேட்டிருக்கிறார். இரும்பு ஒரு துண்டு இருக்கிறது. இப்போதே கடை. அட்டை கிடையாது. கம்பி கிடையாது." ராஜாவைப் பார்த்தார். "உன் வாயும் கிடையாது. சரியாக வந்தால் லாரியைத் திருப்பி அனுப்புகிறேன், லேத் இவனுக்கு. வராவிட்டால் நேற்றுச் செய்தது வித்தை. எனக்கு வித்தைக்காரன் வேண்டாம்."

பெட்டை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன். விரலால் தடவினேன். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை தடவினேன். டெயில்ஸ்டாக்கின் அடியைத் துடைத்து ஏற்றினேன். இரும்பை மாட்டினேன்.

அந்த மத்தியானத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லை. கத்தி வாலிலிருந்து சக்குக்குப் போனது. சுருள் விழுந்தது. மறுபடியும் போனது. வேடிக்கை பார்க்க யாரும் வரவில்லை. ராஜா தன் வேலையைப் பார்த்தான். கடைசி வெட்டு முடிந்ததும் ஷாஃப்ட்டை ஆறவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

தவுக்கே மைக்ரோமீட்டரை என்னிடம் தராமல் தானே வைத்தார். சக் பக்கம் வைத்தார். நடுவில் வைத்தார். வால் பக்கம் வைத்தார். மறுபடியும் சக் பக்கம் வந்தார். நாலு தடவையும் ஒரே எண்.

வாசலுக்குப் போய், லாரி வேண்டாம் என்று ஆள் சொல்லி அனுப்பினார். திரும்பி வரும்போது மூலையில் கிடந்த அடுத்த வேலைக்கான இரும்பைக் காலால் என் பக்கம் உருட்டிவிட்டார்.

ராஜா தன் லேத்திலிருந்து கழுத்தை நீட்டினான். "இந்த ஷாஃப்ட்டில் ஒரு கதையும் இல்லையே மூத்து. வீட்டில் போய் என்ன சொல்லுவாய்?"

"ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றேன். குனிந்து இரும்பைத் தூக்கிச் சக்கில் மாட்டினேன்.